கல்லில் வைத்தால் போய்விடும்

நஞ்சப்பன் வலது உள்ளங்கையைக் கல்லின்மேல் பதித்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் அரித்துக்கொண்டிருந்த கை. கல் சில்லென்று இருந்தது. அதன் உச்சியில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது.

"போகுதா அம்மிணி?"

"போயிருச்சுங்க ஐயா. பச்சை எரிஞ்சிருச்சே."

"பச்சை எரிஞ்சா போயிருச்சுன்னு அர்த்தமா? எங்கூட்டு மிக்சிலயுந்தான் பச்சை எரியுது. மாவு அரைய மாட்டேங்குது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவும் சிரித்தாள். வெளியூர்ப் பெண். அரசாங்கத்துச் சம்பளம். கல்லைத் துடைப்பதும், பச்சை எரிகிறதா என்று பார்ப்பதும்தான் அவளுக்கு வேலை.

"சிரிக்கறதுக்குச் சொல்லல அம்மிணி. ரெண்டு வருசமா வெச்சுட்டு இருக்கறேன். இந்த அரிப்புல நூத்துல ஒரு பங்கு அந்தாளுக்குப் போயிருந்தாக்கூட, இந்நேரம் கத்திக்கிட்டு இங்க ஓடி வந்திருக்கோணும். வந்தாரா?"

"என்ன குறைன்னு வாயால சொல்லிட்டு வெச்சீங்களா?"

"நீதான முன்னால சொன்ன, சொல்ல வேண்டியதில்ல, வெச்சாப் போதும்னு?"

"ஆமாங்க ஐயா, போதும். கல்லுக்குக் காது கிடையாது."

"அதான் பாத்தேன்" என்று நஞ்சப்பன் கையை எடுத்து, வேட்டியில் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

அதற்கு நோவுக்கல் என்று பெயர். கருக்கம்புதூர் பள்ளிக்கூடத்து வாசலில், ஓட்டுப் போடும் அறைக்கு நேர் எதிரே, இடுப்பு உயரத்துக்கு நட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பூத்துக்கும் ஒன்று. கையை வைத்தால் தோலின் ஈரம், நரம்பின் துடிப்பு, ரத்தத்தின் சூடு எல்லாவற்றையும் அளந்து, வைத்தவனுக்கு எங்கே எவ்வளவு நோகிறது என்று கண்டுபிடித்துவிடும். பொய்யாக நடித்தால் எரியாது. அளந்த நோவு அப்படியே எம்.எல்.ஏ.வுக்குப் போகும். பதவியேற்கிற அன்றைக்கே அவர் பிடரியில் நெல்மணி அளவுக்கு ஒரு கருவியைத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் உறுத்தி. ஊராருக்கு எங்கே வலிக்கிறதோ, அங்கே அவருக்கும் வலிக்கும். நாளாக ஆகக் கொஞ்சம் மங்கும், மறுபடி வைத்தால் மறுபடி ஏறும். குறை தீர்ந்ததும் வந்து கையை வைத்தால் கல்லில் வெள்ளை எரியும், எம்.எல்.ஏ.வின் நோவும் அந்த நொடியே இறங்கும்.

ஆரம்பத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. நஞ்சப்பனே அதை மறுக்க மாட்டார். போன தடவை இருந்த எம்.எல்.ஏ.வை அவருக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் மேட்டுத்தெருப் பெண்கள் குடம் சுமந்த இடுப்போடு வந்து வரிசையாகக் கையை வைத்தபோது, அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தத் தெருவிலேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்து போனார். குண்டும் குழியுமான ரோட்டில் போன பஸ் பிரயாணிகள் முதுகைக் கல்லிடம் ஒப்படைத்தார்கள், ரோடு வந்தது. அதன் பிறகு யார் மனு எழுதுகிறார்கள்? யார் ரோட்டில் உட்கார்ந்து மறியல் பண்ணுகிறார்கள்? கிராமசபைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்கூட வருவதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நஞ்சப்பனுக்கு அது ஒருவகையில் சௌகரியம். மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒருவன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அவர் கைக்கு எழுதத் தெரியாது. நோகத் தெரியும். அது போதும் என்றது கல்.

அப்புறம்தான் மேற்கே சாயப்பட்டறைகள் வந்தன.

நஞ்சப்பனுக்கு மெயின் ரோட்டில் பஞ்சர் கடை. காற்றே இல்லாத டயர்கள் வந்து பாதிப் பிழைப்பு போய்விட்டது என்றாலும் சைக்கிள்களும் பழைய டிராக்டர்களும் மிச்சம் இருந்தன. டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழ் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது காலையில் இளஞ்சிவப்பாக வரும், மத்தியானம் நீலமாக வரும். பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று தொட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கையை முக்கி எடுத்தால் அரிப்பு தொடங்கும். சொறிந்தால் தோல் உரியும். உரிந்த இடத்தை மறுபடி முக்க வேண்டும்.

அவர் மனைவி பழனாத்தாளுக்குக் கணுக்காலில். துணி துவைக்கிற கல்லடியில் நின்று நின்று இரண்டு கணுக்காலும் வெந்ததுபோல் ஆகிவிட்டன. ராத்திரிக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொள்வாள். அவளும் தினமும் கல்லுக்குப் போவாள். ஊரே போனது. ஊரே சொறிந்தது. சினிமா ஓடும்போதுகூடக் கொட்டகையில் வசனத்தைவிடச் சொறிகிற சத்தம்தான் அதிகம்.

மகன் திருமூர்த்தி மட்டும் தப்பித்தான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் டவுனில், ஆற்றுத் தண்ணீர் வருகிற குடியிருப்பில் இருந்தான். கட்சிக்காரன். எம்.எல்.ஏ. வெள்ளியங்கிரிக்கு வலது கை இல்லாவிட்டாலும் இடது கைச் சுண்டுவிரல். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த ஞாயிறும் வந்தான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் வலது கையைச் சொறிந்தான். காலைத் தரையில் தேய்த்தான்.

"ஆத்துத் தண்ணிலயுமாடா அரிக்குது?" என்றார் நஞ்சப்பன்.

"வேர்க்குருங்ப்பா."

"சட்டையக் கழட்டு, பாப்போம்."

"சாப்படறப்ப என்னங்ப்பா…"

பழனாத்தாள் விடவில்லை. சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டாள். கை பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. ஒரு தடிப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அவன் நகம் கீறிய கோடுகள் மட்டும். மணிக்கட்டில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு காப்பு.

"மாரியாத்தா காப்பா கண்ணு? நோம்பி இன்னும் சாட்டவே இல்லியே, அதுக்குள்ள கட்டிக்கிட்ட?" என்று பழனாத்தாள் கேட்டாள். ஊரில் திருவிழா சாட்டிய பிறகுதான் காப்புக் கட்டுவார்கள்.

"அங்க டவுன் கோயில்ல வேறம்மா" என்று சட்டைக் கையை இறக்கிக்கொண்டான்.

"சும்மாவே சொறியறான் உன்ற பையன். கட்சிக்காரனுக்கு அதும் ஒரு பொழப்பு" என்றார் நஞ்சப்பன்.

அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது. மறுநாள் மெயின் ரோட்டில் நிழற்குடை திறக்க எம்.எல்.ஏ. வருவதாக ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள். நஞ்சப்பன் கடையைச் சாத்திவிட்டுப் போவதென்று முடிவு பண்ணினார். பேச்சைக் கேட்க இல்லை. அந்த ஆளின் கைகளைப் பார்க்க.

நிழற்குடைக்கு எதிரே மேடை. நஞ்சப்பன் ஒலிபெருக்கிக்கு அடியில், மேடையை ஒட்டி நின்றுகொண்டார். வெள்ளியங்கிரி வெள்ளைச் சட்டையில், கூப்பிய கையோடு நின்றார். நஞ்சப்பன் அந்தக் கைகளையே பார்த்தார். வரவேற்புரை முடிந்தது, வாழ்த்துரை முடிந்தது, இன்னொரு வாழ்த்துரையும் முடிந்தது. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை. கருக்கம்புதூர்க்காரன் எவனாலும் அப்படி நிற்க முடியாது. ஊர் அரிப்பெல்லாம் ஏறிய ஒருவன் அப்படி நிற்கவே முடியாது.

"கல்லு பொய்டா" என்று நஞ்சப்பன் வாய்விட்டுச் சொன்னார். "ஒயரப் புடுங்கி விட்டுட்டானுக."

அப்போதுதான் ஒலிபெருக்கி அவர் தலைக்குமேல் முழங்கியது.

"தொகுதி மக்களின் நோவைத் தம் மேனியில் தாங்கி, அண்ணனுக்கு ஒரு குறையும் வராமல் காத்து நிற்கும் நம் தாங்கிப் படை வீரர்களுக்கு, அண்ணன் பொன்னாடை அணிவிக்கிறார்!"

வரிசையாக ஆண்கள் மேடை ஏறினார்கள். எல்லோரும் முழுக்கைச் சட்டை. ஒருவன் தொடையைச் சொறிந்தான், ஒருவன் முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டான், ஒருவன் நொண்டினான். மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார்கள். மஞ்சள் துணி சுற்றிய காப்பு.

"கருக்கம்புதூர் பூத்தின் இரும்புத் தாங்கி, திருமூர்த்தி!"

பக்கத்தில் நின்ற கட்சிக்காரன் நஞ்சப்பன் தோளைத் தட்டினான். "உங்க பையந்தானுங்களே மாமா! குடுத்து வெச்சவரு நீங்க."

"என்னத்தடா தாங்கறான் அவன்?"

"தெரியாதா மாமா? அண்ணனுக்கு வர்றத பூரா இவங்கதான வாங்கிக்கறாங்க!"

வேறொரு ஊரில் ஒரு எம்.எல்.ஏ. சட்டசபையிலேயே நோவு தாங்காமல் மயங்கி விழுந்தாராம். அவர் கட்சிக்காரர்கள் மொட்டை அடித்தார்கள், கோயில் பிரகாரத்தில் உருண்டார்கள், தலைவர் வலியை எங்களுக்குக் கொடு என்று அழுதார்கள். அதைப் பார்த்து ஒரு சட்டத் திருத்தம் வந்தது. விருப்பப்பட்டவர்கள் உறுப்பினரின் நோவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டியது அந்த ஒரு தடவைதான். பங்கு என்றுதான் சட்டத்தில் இருந்தது. தொண்டர்கள் முழுசாகவே எடுத்துக்கொண்டார்கள். தாங்கி என்று ஊரில் பேச்சு அடிபட்டபோது, கட்சியில் இருக்கிற ஆயிரம் பதவியில் அதுவும் ஒன்று என்று நஞ்சப்பன் நினைத்திருந்தார்.

பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் மகனைப் பிடித்தார்.

"எத்தன நாளாடா?"

"அண்ணன் செயிச்ச மறு மாசத்துல இருந்துங்ப்பா."

"அப்ப நாங்க வெச்சதெல்லாம்?"

திருமூர்த்தி தரையைப் பார்த்தான். "பூத் வாரியாப் பிரிச்சுக் குடுத்தாங்க. நம்ம பூத்துக்கு நான்தான ஏஜெண்டு? வேற யாரு வாங்கறது? வெளியாள் வாங்குனா கட்சில என்ற மருவாதி என்னாவுங்?"

"மருவாதியாம் மருவாதி. ரெண்டு வருசமா உன்ற மேலயாடா வெச்சுட்டு இருந்தேன்?"

"தெரியுங்ப்பா. காலைல நீங்க கடை தெறக்கறதுக்கு முன்னால முழங்கை வரைக்கும் சுரீர்னு ஏறும். அது நீங்க. அப்பறம் ரங்காத்தாக்கா பாப்பாவுது, முதுகுல. அம்மாளுது கணுக்கால்ல. அம்மா வெக்கறப்ப இடுப்பும் சேந்து வரும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இடுப்பு வலிக்குதுன்னு அம்மா உங்ககிட்ட சொல்லியிருக்காங்ளா?"

சொன்னதில்லை. நஞ்சப்பனுக்கு மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கழட்டி எறிடா அத."

"கட்டுன காப்ப நடுவுல அவுக்கறதாங்ப்பா? நீங்களே சொல்லுங்க. நோம்பி முடியாம எவனாச்சும் அவுத்திருக்கானா?"

"அது சாமிக்குடா!"

"எனக்கு அண்ணன்தாங்ப்பா." பின்பு கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "நெனச்சாலும் அவுக்க முடியாது. அண்ணன் பெருவிரல் வெச்சாத்தான் தெறக்கும். அதும் இன்னொருத்தன் கை நீட்டுனாத்தான். இன்னும் கொஞ்ச காலந்தான். அடுத்த தேர்தல்ல கவுன்சிலர் சீட்டு எனக்குன்னு பேசியாச்சு."

பொன்னாடைக்குள் கையை விட்டு அவன் சொறிந்தான். அது தன் கையின் அரிப்பு என்று நஞ்சப்பனுக்குத் தெரிந்தது. தான் சொறிகிற அதே இடம், அதே மாதிரி, கீழிருந்து மேலே.

மறுநாள் காலை கல்லுக்கு முன்னால் வரிசை கூடுவதற்குள் நஞ்சப்பன் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் வெக்க வேண்டாம்."

"இதென்னண்ணா கூத்து?" என்றாள் ரங்காத்தாள். இடுப்பில் குழந்தை, குழந்தை முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. "ஊட்ல கெடந்தவங்கள எல்லாம் வாங்க வாங்கன்னு இழுத்துட்டு வந்தது நீங்கதான?"

"ஆமா, நான்தான். புத்தி கெட்டு இழுத்துட்டு வந்தேன். நீ வெக்கறது எம்மெல்லேக்குப் போகல. என்ற பையனுக்குப் போகுது."

விஷயத்தைச் சொன்னார். திருமூர்த்தி அந்தத் தெருக்களில் வளர்ந்தவன். எல்லோர் வீட்டிலும் சாப்பிட்டவன். ஒருவர் இருவராக வரிசையை விட்டு விலகினார்கள். ரங்காத்தாள் மட்டும் நின்றாள்.

"உங்க பையனுக்கு அரிக்கட்டும்னா நான் வெக்கறேன்? புள்ள தூங்காம கத்துதுண்ணா. இங்க வெக்க வேண்டாம்னா, வேற எங்க போயிச் சொல்றதுன்னு சொல்லுங்க. அங்க போறேன்."

வேறு எங்கே என்பது ஊருக்கே மறந்துபோயிருந்தது. நஞ்சப்பன் விரித்த கையை இறக்கிக்கொண்டார். ரங்காத்தாள் குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்துக் கல்லில் வைத்தாள். பச்சை எரிந்தது. டவுனில் எங்கோ திருமூர்த்தி முதுகை வளைத்திருப்பான்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். தன் நோவையாவது இறக்க வேண்டும். வெள்ளை எரிய வேண்டும். கேன் தண்ணீர் வாங்கிக் கையை அலம்பினார். தொட்டியைத் தொடாமல் கடையைச் சாத்தியே வைத்தார். பழனாத்தாள் வேப்பிலையும் மஞ்சளுமாகக் கைக்குக் கட்டுப் போட்டாள். அரிப்பு மெல்ல மெல்லத் தணிந்து, ஒருநாள் காலையில் கை வெறும் கையாக இருந்தது. ஓட்டமாகப் போய்க் கல்லில் வைத்தார்.

பச்சை எரிந்தது. எப்போதையும்விடப் பளிச்சென்று.

"வெள்ளைதான எரியோணும் அம்மிணி? கை நல்லாயிருச்சே!"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். "கை நல்லாயிருச்சுங்க ஐயா. வேற எங்கயோ நோகுதுன்னு காட்டுது."

அவள் சொல்லி முடிக்கவில்லை, நஞ்சப்பன் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. திருமூர்த்தி.

"அப்பா, கல்லுல இப்ப யாருங்ப்பா வெச்சது? நீங்களா? இது அரிப்பு இல்லீங்ப்பா. நெஞ்சுல அம்மிய வெச்சு அழுத்தற மாதிரி… யாரோ யாரையோ நெனச்சு வேகற மாதிரி இருக்குது. எனக்கு அழுவாச்சியா வருது. யாருங்ப்பா அது?"

நஞ்சப்பன் கல்லிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார்.

"வெயிலா இருக்கும். தண்ணியக் குடி" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நேராக பஸ் ஏறி எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனார். வாசலிலேயே நாலைந்து தாங்கிகள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். திருமூர்த்தியின் அப்பா என்றதும் உள்ளே விட்டார்கள்.

வெள்ளியங்கிரி எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்ல மனிதர்தான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. நஞ்சப்பனுக்கு அதுதான் முதலில் பிடிக்கவில்லை.

"வாங்க பெரியப்பா. டீ குடிக்கறீங்ளா? கருக்கம்புதூர் எப்படி இருக்குது?"

"அரிக்குது."

"என்னங்க?"

"ஊரு அரிக்குது. ரெண்டு வருசமா."

"அரிப்பா?" வெள்ளியங்கிரி நிஜமாகவே திகைத்தார். "எந்த அரிப்பு பெரியப்பா?"

நஞ்சப்பன் அவரை உற்றுப் பார்த்தார். வாழ்நாளில் ஆயிரம் பொய்யைப் பார்த்த கண். இது பொய் இல்லை. இந்த ஆளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊரே மாய்ந்து மாய்ந்து சொன்ன விஷயம் ஒரு சொல்லாகக்கூட இவர் காதில் விழுந்ததில்லை. ஏனென்றால் ஒருத்தரும் சொல்லவே இல்லை. வைத்தார்கள்.

அவர் வாயால் சொன்னார். சாயத் தண்ணீர், தொட்டி, ரங்காத்தாள் குழந்தையின் முதுகு, பழனாத்தாளின் கணுக்கால். இத்தனை நாள் பழக்கம் விட்டுப்போனதில் சொற்கள் முன்பின்னாக வந்தன. வெள்ளியங்கிரி கன்னத்தில் கையை வைத்துக் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"இத கல்லுல வெச்சீங்ளா?"

"வெச்சோம்."

"வெச்சா எனக்கு வந்துருமே பெரியப்பா. எனக்கு ஒண்ணும் வர்லியே."

"உங்களுக்கு எப்படி வரும்? வாசல்ல நிக்கறவனுக வாங்கிக்கறானுக. சொறியறது கண்ணுக்குத் தெரியலியா உங்களுக்கு?"

"அது அன்பு பெரியப்பா. வேண்டாம்டான்னா அழுவறானுக." அவர் கண் கலங்கிக்கூட இருந்தது. "நம்ம தொகுதில நோவே இல்லைன்னு மேலிடத்துல பாராட்டறாங்க. அந்தப் பசங்களாலதான். நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு மறுபடியும் கல்லுல வெச்சுப் பாருங்க. கண்டிப்பா கவனிக்கறேன்."

நஞ்சப்பன் கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். ஆறிப்போன கை. வேப்பிலைக் கறையைத் தவிர அதில் காட்ட ஒன்றும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கையையே நீட்டினார்.

"அப்ப என்ற பையன் காப்ப எனக்குக் கட்டி உடுங்க. அவன அவுத்து உட்டுருங்க."

வெள்ளியங்கிரி நெகிழ்ந்துவிட்டார். திருமூர்த்தியை வரவழைத்தார்கள். போட்டோக்காரன் வந்தான். மகன் வேண்டாம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னான், இரண்டாவது முறை சொன்னபோது குரல் இறங்கியிருந்தது, மூன்றாவது முறை சொல்லவில்லை. எம்.எல்.ஏ.வின் பெருவிரல் பட்டதும் காப்பு திறந்து, நஞ்சப்பன் மணிக்கட்டில் மூடிக்கொண்டது. "தந்தையின் தியாகம்" என்று யாரோ கத்தினார்கள். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் முதுகு, கணுக்கால், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் பற்றிக்கொண்டன. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போய்விட்டான்.

கருக்கம்புதூர் முழுக்க இப்போது அவர் உடம்பில் குடியிருந்தது. எந்த வீட்டில் யாருக்கு எங்கே நோகிறது என்று அவருக்குத் தெரியும். பழனாத்தாள் காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போவதும் தெரியும். கணுக்காலோடு இடுப்பும் வரும். அந்த இடுப்பு இவ்வளவு நோகும் என்று இத்தனை வருஷத்தில் அவர் நினைத்ததே இல்லை. சாயங்காலம் அவள் குடத்தைத் தூக்கப் போனால், "வெய்யி கீழ" என்று பிடுங்கிக்கொள்வார். வேறு என்ன செய்ய முடியும்? பட்டறையைப் பூட்ட அவரிடம் பேனா இல்லை. பேனா இருந்த இடத்தில் நோவு இல்லை. நோவு இருந்த இடத்தில் பேனா இல்லை.

ஊர்க்காரர்கள் வேறு. திருமூர்த்தி பாவம் என்று நிறுத்தியவர்கள், தாங்குவது கிழவன் என்றதும் தாராளமாக வந்து வைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு திருமூர்த்தி அரைக்கைச் சட்டையில் வந்தான். மணிக்கட்டில் புதுக் கைக்கடிகாரம். முகம் தெளிந்து, ஒரு சுற்று பெருத்த மாதிரி இருந்தது. அமைதியாக உட்கார்ந்து இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். பழனாத்தாள் அவன் இலைக்கு எதிரே உட்கார்ந்து கணுக்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ஏங் கண்ணு, இந்தத் தண்ணிக்கு அண்ணங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பக்கத்துலயே இருக்கறயே."

"கல்லுல வெச்சீங்ளாம்மா?"

"வெக்காம?"

"வெச்சிட்டீங்கன்னா போயிரும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

மூலையில் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் தேய்ப்பதை நிறுத்தினார்.

"டே. ரெண்டு வருசம் தாங்குனவன்தானடா நீ? அவ இடுப்புக்கூடத் தெரியும்னு சொன்னியே? உனக்குமா தெரியாது?"

திருமூர்த்தி கையைச் சோற்றில் வைத்தபடி யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான்.

"அரிச்சுதுன்னு தெரியுதுங்ப்பா. எப்படி அரிச்சுதுன்னு நெனச்சுப் பாத்தா… வர மாட்டேங்குது." கொஞ்சம் பொறுத்து, "ரசம் ஊத்தும்மா" என்றான்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்த கையோடு ஒரு டிராக்டர் டியூப் வந்தது. நஞ்சப்பன் அதைத் தொட்டியில் முக்கினார். தண்ணீர் அன்றைக்கு ஊதா நிறம். ஆறியிருந்த கை மறுபடி முழங்கை வரைக்கும் தீப்பிடித்தது. டியூபை அப்படியே போட்டுவிட்டு, ஈரக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வரிசையில் ரங்காத்தாள் குழந்தையோடு நின்றாள். அவரைப் பார்த்ததும் வழிவிட்டாள்.

ஜெசிந்தா மணிக்கட்டைப் பார்த்துத் தயங்கினாள். "காப்புக் கட்டுனவங்க வெக்கலாமான்னு விதில ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"வெக்கக் கூடாதுன்னு இருக்குதா?"

"அதும் இல்லீங்க."

நஞ்சப்பன் காப்புக் கட்டிய கையைக் கல்லின்மேல் பதித்து அழுத்தினார். கல் சில்லென்று இருந்தது. பச்சை எரிந்தது. அந்த நொடியே மணிக்கட்டில் ஒரு சுரீர். விரல் நுனியில் தொடங்கி, கீழிருந்து மேலே, அரித்துக்கொண்டிருந்த அதே தோலின்மேல் அதே அரிப்பு இன்னொரு தடவை ஏறி, முழங்கையில் வந்து உட்கார்ந்தது.

"போயிருச்சுங்க ஐயா" என்றாள் ஜெசிந்தா.

"போகல அம்மிணி" என்றார் நஞ்சப்பன். "வந்துருச்சு."